நெரிகோமிப் பூச்சாடி: ஒட்டு விட்டால், கோலம் கலங்கினால், நீர் கசிந்தால் என்ன செய்வது?

ஜப்பானின் இபராகி மாவட்டத்தில் கசாமா என்ற குயவர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு சிறிய பட்டறையில் ஒன்பது வருடமாக நெரிகோமி செய்துவருகிறேன். களிமண்ணில் நிறத்தைப் பிசைந்து, நிற மண்ணையும் வெள்ளை மண்ணையும் அடுக்கிக் கட்டையாக்கி, அதை மைசூர்பாகு போல வில்லை வில்லையாக அறுத்து, அந்த வில்லைகளையே சுவராக வைத்துச் சாடி கட்டும் வேலை இது. கோலம் மேலே தீட்டியதல்ல. வெளியே தெரியும் அதே கட்டம் சுவரைத் துளைத்து உள்பக்கமும் தெரியும். அழகு எவ்வளவு ஆழம் போகிறதோ பழுதும் அவ்வளவு ஆழம் போகும் என்பதுதான் இதில் சிக்கல். வெளியே பூசி மறைக்க வழியில்லை.

பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் கையில் ஒரு விரிசல் சாடியோடு கேட்கும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் சாடியில் தெரியும் பழுதின் தலைப்பைத் தேடுங்கள். காசில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள். நான் வெள்ளைக் கல்மண்ணை (அதிகச் சூட்டில் கல்போல் இறுகும் களிமண்) மின்சூளையில் 1,230 டிகிரி செல்சியஸில் சுடுகிறேன். கணக்குகள் எல்லாம் அதற்கானவை.

காயும்போதே இரு நிறத்துக்கு நடுவே கோடு விழுகிறது

என்னிடம் வரும் சாடிகளில் பாதிக்கு மேல் இந்தப் பழுதுதான். கோடு எப்படிப் போகிறது என்பதை முதலில் பாருங்கள்.

*கோடு ஒட்டின் மேலேயே நேராகப் போகிறது*

முதல் சந்தேகம் ஈரத்தின் மேல். நிறப்பொடியைக் காய்ந்தபடியே மண்ணில் தூவிப் பிசைந்தால் பொடி ஈரத்தை உறிஞ்சி மண்ணை இறுக்கிவிடும். பொடியைத் தண்ணீரில் குழைத்துச் சேர்த்தால் மண் தளர்ந்துவிடும். இரண்டு வழியிலும் நிற மண்ணின் பதம் பக்கத்திலிருக்கும் வெள்ளை மண்ணின் பதமாக இருக்காது. தளர்ந்த மண் காயும்போது அதிகம் சுருங்கும். அது இழுக்க, இறுகிய மண் வர மறுக்க, நடுவில் இருக்கும் ஒட்டு விட்டுவிடும்.

சோதிக்கும் வழி எளிது. ஒவ்வொரு நிறத்திலும் 100 கிராம் உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து ஒரே பலகையில் போடுங்கள். அடிப்பக்கம் தட்டையான வட்டங்களை அளந்து பாருங்கள். எல்லாம் ஒரே அகலமாக இருந்தால் சேர்க்கலாம். ஒன்று மட்டும் கால் அங்குலம் பெரிதாக இருந்தால் அந்த மண்ணில் இன்று கை வைக்காதீர்கள். எல்லா நிறத்தையும் தட்டையாகத் தட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய துணி விரித்து அடுக்கி, ஒரே பிளாஸ்டிக் உறையில் கட்டி மூன்று நாள் விடுங்கள். ஈரம் தானாகச் சமப்படும். இந்த மூன்று நாளைச் சோம்பேறித்தனமாக நினைத்துத் தாவியவர்கள்தான் பின்னால் மூன்று வார வேலையைக் குப்பையில் போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன்.

ஈரம் சரியாக இருந்தும் ஒட்டு விட்டால் ஒட்டிய விதத்தைப் பாருங்கள். இரண்டு முகத்தையும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கீறினீர்களா? கீறலில் தடவிய மண்குழம்பு அந்த இரண்டு மண்ணில் ஒன்றிலிருந்து கரைத்ததா? வெறும் தண்ணீர் தடவி ஒட்டினால் அன்றைக்குப் பிடித்தாற்போல் தெரியும், பத்தாம் நாள் விடும். ஒட்டிய பிறகு மரத்துண்டால் நான்கு பக்கமும் தட்டி இறுக்குவதும், வில்லையாக அறுத்தபின் ஒட்டின் மேல் வளைந்த மரத்தகட்டை இருபுறமும் அழுத்தி இழுப்பதும் கட்டாயம். அழுத்தாத ஒட்டு ஒட்டே அல்ல.

இதற்கும் பிறகுதான் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். கசாமாவில் ஜனவரிக் காற்று மிகவும் வறண்டது, பட்டறையில் ஹீட்டரும் ஓடும். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் இரண்டு வாரம் ஆனாலும் காயாத சாடி ஜனவரியில் இரண்டே நாளில் வெளுத்துவிடும். குளிர்காலத்தில் செய்தித்தாளைச் சுற்றி அதன்மேல் பிளாஸ்டிக்கை மூடுகிறேன். தினமும் உள்பக்கம் வியர்த்த பிளாஸ்டிக்கைத் திருப்பிப் போடுகிறேன். முதல் ஒரு வாரம் திறப்பதே இல்லை.

*கோடு ஒட்டை விட்டு, வாய் விளிம்பிலிருந்து கீழே இறங்குகிறது*

இதற்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. விளிம்பு முந்திக் காய்ந்து, அடி இன்னும் ஈரமாக இருக்கிறது. விளிம்பின்மேல் மட்டும் ஈரத்துணியைப் போட்டு, அடியில் காற்றுப் போகச் சாடியை இரண்டு மரச்சட்டங்களின் மேல் வையுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

*எந்தக் கோலம் போட்டாலும் ஒரே ஒரு நிறத்தின் பக்கத்தில்தான் விடுகிறது*

இப்போது மண்ணையே சோதிக்க வேண்டும். ஒவ்வொரு நிற மண்ணிலும் 14 செ.மீ. நீளப் பட்டை செய்து, ஈரமாக இருக்கும்போதே சரியாக 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு கீறுங்கள். காய்ந்தபின் ஒருமுறை, சுட்டபின் ஒருமுறை அளந்து எழுதுங்கள். என் வெள்ளை மண் முழுதும் சுட்டபின் 8.8 செ.மீ. வருகிறது. எந்த நிறமாவது இதிலிருந்து அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் அதை இதனோடு சேர்ப்பதில்லை.

விலகலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: கருப்புக்கு ஒரு கடை மண், சிவப்புக்கு வேறொரு கடை மண், வெள்ளைக்கு மூன்றாவது என்று வாங்கிச் சேர்ப்பது. கசாமாவின் கெஸ்ஸோஜி கோயிலில் துறவியாகவும் குயவராகவும் வாழ்ந்த மட்சுய் கோசெய் இந்தச் சிக்கலுக்குக் கண்ட வழி, எல்லா நிறத்துக்கும் ஒரே அடிமண்ணை எடுத்து அதில் நிறத்தை மட்டும் மாற்றுவது. நெரியாகெ என்றும் இங்கே சொல்லும் இந்த நிறமண் வேலைக்காக 1993இல் ஜப்பான் அரசு அவரை ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று அறிவித்தது. 2003இல் மறைந்தார். கசாமாவில் இருக்கும் மாவட்டப் பீங்கான் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய சாடிகளைப் பார்த்திருக்கிறேன். சிலவற்றின் மேல்தோல் முழுக்க வெடிப்பு, ஆனால் ஒவ்வொன்றும் வேண்டி உண்டாக்கியது. மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கி, உள்ளிருந்து தள்ளி விரித்து வெடிக்கவைத்திருக்கிறார். விரிசலை இப்படிக் கைக்கு அடக்கியவரே அடிமண் ஒன்றாக இருக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டார் என்றால் நாம் அதைத் தாண்ட வேண்டியதில்லை.

ஒரே மண்ணிலும் நிறப்பொடியின் அளவு கூடினால் சுருக்கம் மாறும். நான் உலர்ந்த மண்ணின் எடைக்கு கோபால்ட் ஆக்சைடு 1 சதவீதம், சிவப்பு இரும்பு ஆக்சைடு 4 சதவீதம், கடையில் விற்கும் தயார் நிறப்பொடிகள் 5 முதல் 8 சதவீதம் என்று நிறுத்திக்கொள்கிறேன். பிசையும் ஈர மண்ணில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒருநாள் ஈர எடைக்கும் மறுநாள் உலர்ந்த எடைக்கும் கணக்குப் போட்டால் நீலம் ஒவ்வொரு முறையும் வேறாக வரும்.

விட்ட ஒட்டைச் சரிசெய்ய முடியுமா? சாடி தொட்டால் குளிர்ச்சியாக, நகம் பதியும் பதத்தில் இருந்தால் முடியும். விரிசலை மூடப் பார்க்காமல் கத்தியால் திறந்து, அதே நிற மண்ணைத் திரித்து உள்ளே அழுத்தி, தட்டி, மறுபடி மூடிவையுங்கள். முழுக்கக் காய்ந்து வெளுத்துவிட்டால் விட்டுவிடுங்கள். காய்ந்த மண்ணில் அடைக்கும் ஈர மண் தானும் சுருங்கி அங்கேயே மறுபடி விடும்.

காய்ந்தபோது முழுசாக இருந்தது, சூளையிலிருந்து விரிசலோடு வருகிறது

மனதை அதிகம் உடைப்பது இது. போன மார்ச்சில் ஒரு பூச்சாடி, நீலமும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம். இங்கே அதை இசிமாட்சு என்பார்கள். சூளை மூடியைத் தூக்கினபோது எந்தக் குறையும் தெரியவில்லை. விரலால் சுண்டினேன். மணி போல ஒலிக்க வேண்டியது ஓட்டை அகல் மாதிரி ‘டக்’ என்று அடங்கியது. போன் விளக்கை வாய்க்குள் விட்டு, அறை விளக்கை அணைத்தேன். ஏழாவது கட்டத்தின் ஓரத்தில் ஒரு வெளிச்ச நூல்.

அந்த நூலின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

*ஓரம் உருண்டு, மெருகு விரிசலுக்குள் வழிந்திருக்கிறது*

மெருகு என்பது சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு. அது உருகும் முன்னமே விரிசல் இருந்திருக்கிறது. சேர்த்த அன்று விழுந்ததை நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். முதல் தலைப்புக்குத் திரும்புங்கள். அடுத்த முறை, முதல் சூடு முடிந்ததும் மெருகு பூசுமுன் சாடியைத் தண்ணீரில் முக்கி எடுத்துக் காற்றில் வையுங்கள். மற்ற இடம் வெளுத்துவரும்போது விரிசல் மட்டும் கருங்கோடாக ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்படிக் கோடு தெரிந்தால் மெருகு செலவழிக்காதீர்கள். மெருகு விரிசலை ஒட்டாது.

*ஓரம் கண்ணாடி உடைந்ததுபோல் கூராக இருக்கிறது*

இது ஆறும்போது வெடித்தது. சூளையைச் சீக்கிரம் திறந்தீர்களா? 573 டிகிரியில் மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று அளவு மாறும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெதுவாகத் தாண்ட வேண்டும். முதல் சூட்டில் 600 டிகிரி வரை மணிக்கு 70 டிகிரிக்கு மேல் நான் ஏற்றுவதில்லை. 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை மூடியைத் தொடுவதும் இல்லை. உள்ளே மட்டும் கெட்டியாக மெருகு ஊற்றி வெளியே வெறும் மண்ணாக விட்டிருந்தாலும் இப்படி வெடிக்கும். உள் மெருகை மெல்லிசாக்கிப் பாருங்கள்.

மெதுவாகச் சுட்டும் ஆறவைத்தும் அடுத்தடுத்து மூன்று சாடி இப்படி வந்தால் சூளையைச் சந்தேகியுங்கள். மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு மூன்றிலும் சூட்டுக்கூம்பு (குறிப்பிட்ட சூட்டில் வளையும் சிறு கூம்பு) வைத்துச் சுடுங்கள். மூன்றும் ஒரேபோல் வளையாவிட்டால் வெப்பமானிக் கம்பியோ சூட்டுச் சுருளோ தேய்ந்திருக்கலாம். அங்கே உங்கள் வேலை முடிந்தது. சூளையைத் திறந்து கம்பியைத் தொடாதீர்கள். சூளைப் பழுது பார்க்கிறவரைக் கூப்பிடுங்கள்.

கோலம் கலங்கிப்போகிறது, வெள்ளை அழுக்காகத் தெரிகிறது

பயப்பட வேண்டாம், பெரும்பாலும் மேல்தோலில் மட்டும்தான் கலக்கம். அறுக்கும் கம்பி ஒரு நிறத்தை இழுத்து அடுத்ததன் மேல் பூசிவிடும். ஒவ்வொரு அறுப்புக்கும் கம்பியைத் துடையுங்கள். கோடுகளுக்குக் குறுக்காக அறுக்காமல் அவற்றின் நீளத்தோடு அறுத்தால் இன்னும் குறையும்.

ஈரமான பஞ்சால் துடைக்கவே கூடாது. பஞ்சு நீலத்தைக் கரைத்து வெள்ளையின் மேல் ஒரு மெல்லிய படலமாக விடும், சுட்டபின்தான் அது தெரியும். நகம் பதியும் பதத்தில் மெல்லிய இரும்புத் தகடால் சுரண்டுங்கள். எப்போதும் ஒட்டின் திசையில், முதலில் வெள்ளையை, பிறகு கருமையை. முதல் சுருள் அழுக்கு நிறமாக வரும், இரண்டாவதோ மூன்றாவதோ சுருளில் கோடு கத்தியால் கீறினதுபோல் பளிச்சென்று எழும். எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த கணம் அதுதான்.

சுரண்டியும் தெளியாததை முதல் சூட்டுக்குப் பின் 240 எண் உப்புத்தாளால் தண்ணீருக்கடியில் தேய்க்கலாம். காய்ந்தபடி தேய்க்காதீர்கள். மண்தூசியும் கோபால்ட், குரோம், மாங்கனீசுப் பொடியும் நுரையீரலுக்கு ஆகாதவை. பொடி நிறுக்கும்போதும் முகமூடி வேண்டும், சாதாரணத் துணி போதாது.

ஆழம்வரை கலங்கியிருந்தால் மண் சேர்க்கும்போதே தளர்வாக இருந்திருக்கிறது. அதற்கு மருந்தில்லை. அந்தக் கட்டையை நன்றாகப் பிசைந்துவிட்டால் ஒரு சாம்பல்நீலம் கிடைக்கும், அடுத்த சாடிக்கு அடித்தட்டாகும்.

கட்டம் கோணலாகிறது, கோடு இழுபடுகிறது

கட்டையை நீட்ட உருட்டுகிறீர்கள் என்று அர்த்தம். உருட்டினால் வெளிப்பக்கம் முந்தி ஓடும், நடு பின்தங்கும். நான்கு பக்கமும் மாறி மாறிப் பலகையில் தட்டித் தட்டி நீட்டுங்கள். இரு முனையிலும் இரண்டு செ.மீ. எப்படியும் கோணலாகத்தான் இருக்கும், அதைக் கழித்துவிடுங்கள். தட்டிய கட்டையை உடனே அறுக்காமல் ஓர் இரவு மூடிவைத்து அறுத்தால் கட்டம் நிற்கும்.

வில்லைகளை ஒட்டிப் பலகையாக்கியபின் பூரிக்கட்டை போன்ற உருளையால் ஒரே திசையில் தேய்த்தாலும் சதுரம் நீள்சதுரமாகும். இரண்டு தேய்ப்புக்கு ஒருமுறை பலகையைக் கால்வட்டம் திருப்புங்கள்.

சக்கரத்தில் வனைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே கோலம் சுழன்று திரும்புவது பழுதல்ல. அந்த வகையைத்தான் பலரும் நெரியாகெ என்கிறார்கள், ஜப்பானிலேயே இரண்டு பெயரும் மாறி மாறி வழங்கும். நேர்கட்டம் வேண்டுமானால் சக்கரத்தை விட்டு அச்சில் கட்டுங்கள்.

சாடி சாய்கிறது, வாய் முட்டைவடிவாகிறது

மண்ணுக்கு ஞாபகம் உண்டு. தட்டையாகக் கிடந்த பலகையை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் அந்த வளைவு சூளையில் திரும்பி வரும். துணியோடு சேர்த்துத் தூக்குங்கள், கையால் தனியாகத் தூக்காதீர்கள். காகிதக் குழாயில் செய்தித்தாளைச் சுற்றி அதன்மேல் பலகையை வளைத்தால் வட்டம் சரியாக வரும். ஆனால் இறுகத் தொடங்கியதும் குழாயை உருவிவிட வேண்டும். விட்டுவைத்தால் மண் சுருங்க இடமில்லாமல் எல்லா ஒட்டும் ஒன்றாக விடும்.

நிறம் நினைத்ததுபோல் வரவில்லை

சுடாத பச்சைமண்ணில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள். கோபால்ட் ஆக்சைடு கரும்பொடி, மண்ணில் சாம்பலாகத் தெரியும், சுட்டால்தான் நீலம். இரும்பு முதல் சூட்டில் செங்கல் நிறம் காட்டி, 1,230இல் பழுப்பாக இறங்கும். தீப்பெட்டி அளவு வில்லை ஒன்றைச் சுட்டுப் பார்க்காமல் எந்த நிறத்தையும் சாடிக்குள் விடாதீர்கள்.

இளஞ்சிவப்பு பழுப்பாக மாறினால் மெருகைப் பாருங்கள். அந்தப் பொடிகளில் பல குரோமும் வெள்ளீயமும் சேர்ந்தவை. மெருகில் துத்தநாகம் இருந்தால் நிறம் கெடும். துத்தநாகம் இல்லாத மெருகு கேட்டு வாங்குங்கள். எல்லா நிறமும் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் தெரிந்தால் தெளிமெருகு கெட்டியாகிவிட்டது, தண்ணீர் விட்டு இளக்குங்கள். என் கருத்தைக் கேட்டால், பூச்சாடிக்கு வெளியே மெருகே வேண்டாம். உள்ளே மட்டும் ஊற்றி, வெளிமண்ணை உப்புத்தாளால் இழைத்துவிட்டால் கோலம் தன் சொந்தத் தோலோடு நிற்கும்.

சுவரில் கொப்புளம்

பழுதான ஒன்றை உடைத்துப் பாருங்கள். ஒட்டில் தட்டையான ஒரே பொந்து இருந்தால் சேர்க்கும்போது காற்று சிக்கியது. நடுவிலிருந்து வெளிப்பக்கம் அழுத்தி ஒட்டுங்கள், உப்பியதை ஊசியால் குத்திவிடுங்கள். சுவர் முழுக்கக் கடுகுக் கடுகாக உருண்டைத் துளைகள் என்றால் சூடு கூடிவிட்டது. இரும்பு அதிகமான மண்ணில்தான் இது முதலில் தெரியும். 10, 15 டிகிரி குறையுங்கள், முதல் சூட்டை நீட்டுங்கள்.

நீர் கசிகிறது

தண்ணீர் நிறைத்து, செய்தித்தாளின் மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாளில் ஒரு புள்ளி மட்டும் நனைந்திருந்தால் விரிசல். அடி வட்டம் முழுதும் ஈரமாக இருந்தால் மண்ணே குடிக்கிறது.

மண் குடிக்கிறதா என்பதை எடை சொல்லும். நன்றாகக் காய்ந்த, மெருகில்லாத சுட்ட துண்டை நிறுங்கள். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, மறுபடி நிறுங்கள். 200 கிராம் 206 ஆனால் 3 சதவீதம் குடித்திருக்கிறது. 2க்குக் கீழே இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. அதற்கு மேல் என்றால் அடுத்த முறை சூட்டைக் கூட்ட வேண்டும்.

கையில் இருக்கும் சாடிக்கு எளிய வைத்தியம் முதலில். இங்கே மெதோமே என்று ஒரு வழக்கம். அரிசி களைந்த கெட்டி நீரில் பாத்திரத்தைப் போட்டு, சிறு தீயில் கொதிக்கவைத்து, அதிலேயே ஆறவிடுவார்கள். மாவுச்சத்து துளைகளை அடைக்கும். முதன்முறை பார்த்தபோது அம்மா புது மண்சட்டியில் வடிகஞ்சி ஊற்றிப் பழக்கியது அப்படியே கண்முன் வந்தது. மெல்லிய ஊறலுக்கு இது போதும். ஆனால் பூவை எடுத்ததும் சாடியைக் கவிழ்த்து நன்றாகக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இது போதாவிட்டால் கடையில் விற்கும் பீங்கான் நீர்த்தடைத் திரவத்தை உள்ளே ஊற்றி வடிக்கலாம். உள் மெருகு ஊற்றி மறுபடி சுடுவது மூன்றாவது வழி. விரிசல் உள்ள சாடியை மறுபடி சுடாதீர்கள், விரிசல் அகலும்.

எதற்கும் அடங்காத சாடியை நான் எறிவதில்லை. மூங்கில் கூடையில் பூ வைக்கும்போது உள்ளே ஒதோஷி என்ற சிறு நீர்க்குழலை ஜப்பானியர் இறக்கிவைப்பார்கள். சாடியின் வாய்க்கு ஏற்ற கண்ணாடிக் குழல் ஒன்றை இறக்கினால் தண்ணீர் அதில் நிற்கும், சாடி பூவைத் தாங்கும். அந்த இசிமாட்சுச் சாடி இப்போது அப்படித்தான் என் வாசல் மேசையில் இருக்கிறது.

கைதவறி உடைந்துவிட்டது

துண்டுகளைக் கழுவாமல், ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் சுற்றுங்கள். ஓரங்கள் ஒன்றோடொன்று உரசினால் ஒட்டு பொருந்தாது. நீங்களே செய்த சாடி, நான்கைந்து பெரிய துண்டு என்றால் எப்பாக்ஸிப் பசையால் ஒட்டி, உள்ளே குழல் வைத்துப் பயன்படுத்தலாம்.

விலை கொடுத்து வாங்கியது, ஒருவர் நினைவாகக் கிடைத்தது, பழையது என்றால் பசையைத் தொடவே வேண்டாம். கின்சுகி செய்கிறவரிடம் கொண்டுபோங்கள். உருஷி என்ற மரப்பாலால் ஒட்டி, அதன்மேல் பொன்தூள் இடுவார்கள். உருஷி ஈரக்காற்றில்தான் இறுகும், அதனால் வாரக்கணக்கில் ஆகும். இறுகாத பச்சை உருஷி தோலில் பட்டால் கடுமையாகத் தடித்து அரிக்கும், வீட்டில் முயலாதீர்கள். நெரிகோமி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உடைந்த முகத்திலும் கோலம் ஓடுவதால் கட்டத்தைக் கட்டத்தோடு வைத்துத் துண்டுகளைப் பொருத்த அவருக்கு வசதியாக இருக்கும்.